காலிங்வுட் 1958: கேப்டன் யார், ஃபிராங்க் டக்கா, மரே வீடமனா?

கருப்புவெள்ளை:
பட்டியல்காரர் நேத்து நம்ம ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் கிளப் காலிங்வுட் பட்டம் ஜெயிச்ச வருஷங்களுக்கு "காலிங்வுட்டின் பிரீமியர்ஷிப் கேப்டன்கள்"னு ஒரு வரிசை போட்டிருக்கார். 1958க்கு நேரா "ஃபிராங்க் டக்". அதுக்குக் கீழ பதினஞ்சு பேர் "அருமை, நன்றி"ன்னு வேற எழுதியிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட உறுத்தல.

1958 செப்டம்பர் 20, பிரீமியர்ஷிப்பை முடிவு பண்ற கிராண்ட் ஃபைனல், மெல்போர்ன் எம்.சி.ஜி. மைதானம், 97,956 பேர். காலிங்வுட் 12.10 (82), அதாவது ஆறு பாயிண்ட் கோல் 12, ஒரு பாயிண்ட் பிஹைண்ட் 10, மொத்தம் 82. மெல்போர்ன் 9.10 (64). பதினெட்டு பாயிண்ட்ல ஜெயிச்சோம். அன்னைக்கு ஃபிராங்க் டக் ஆடவே இல்ல, காயம். டீமைக் கூட்டிட்டு உள்ள போனது மரே வீடமன், 22 வயசு. டக் ஒரு பந்தைக்கூட தொடல.

சரியான வரிசை இதுதான். 1902, 1903 லார்டி டல்லாக். 1910 ஜார்ஜ் ஆங்கஸ். 1917 பெர்சி வில்சன். 1919 கான் மெக்கார்த்தி. 1927, 28, 29, 30 நாலும் சிட் கவென்ட்ரி. 1935, 36 ஹாரி காலியர். 1953 லூ ரிச்சர்ட்ஸ். 1958 மரே வீடமன். 1990 டோனி ஷா. 2010 நிக் மேக்ஸ்வெல். 2023 டார்சி மூர். பதினாறு கொடி (பிரீமியர்ஷிப்பைத்தான் கொடிங்கிறோம்), பதினோரு பேர். அந்தப் பதினோரு பேர்ல டக் கிடையாது. திருத்திடுங்க.

பட்டியல்காரன்:
திருத்துவதற்கு ஒன்றுமில்லை. 1958, 1959 இரண்டு ஆண்டுகளுக்கும் காலிங்வுட்டின் கேப்டன் ஃபிராங்க் டக். 1957இல் பில் ட்வோமி, அதற்கு முன் நீல் மான், அதற்கும் முன் லூ ரிச்சர்ட்ஸ். வீடமன் கேப்டன் ஆனது 1960இல். 1963 வரை இருந்தார். இது கிளப்பின் கேப்டன் வரிசை. 1958ஆம் ஆண்டின் பிரீமியர்ஷிப்பை எந்தக் கேப்டனின் காலத்தில் வென்றார்கள்? டக்கின் காலத்தில். ஒரு நாள் பொறுப்பேற்றவரை அந்த இடத்தில் உட்கார வைத்தால், சீசன் முழுக்க அணியை நடத்தியவர் எங்கே போவார்?

கருப்புவெள்ளை:
எங்கயும் போக வேண்டாம். "1958-59 கேப்டன்"ங்கிற வரிசையில ஜம்முன்னு உக்காரட்டும். உங்க தலைப்பு "பிரீமியர்ஷிப் கேப்டன்கள்". பிரீமியர்ஷிப் சீசன் முழுக்க நடக்கிற ஒண்ணு இல்ல, கிராண்ட் ஃபைனல் அன்னைக்கு நாலு குவார்ட்டர்ல முடிவாகிற ஒண்ணு. அந்த நாலு குவார்ட்டர்ல டக் எங்க இருந்தார்? வெளியில.

கேப்டன் வேலை என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். டாஸ் போட்டு எந்தப் பக்கம் அடிக்கிறதுன்னு தேர்வு பண்றது கேப்டன். ஒவ்வொரு குவார்ட்டருக்கும் பக்கம் மாறும்கிறதால, அந்த ஒரு முடிவு முதல், மூணாவது குவார்ட்டர் ரெண்டையும் சேர்த்து முடிவு பண்ணிடும். காத்து ஒரு பக்கமா அடிச்சா அது பத்துப் பதினஞ்சு பாயிண்ட் விஷயம். அதுக்கப்புறம் 1958ல இப்ப மாதிரி இன்டர்சேஞ்ச் கிடையாது. பெஞ்சுல ரெண்டே பேர், 19வது ஆள், 20வது ஆள். ஒருத்தரை வெளிய எடுத்தா திரும்ப உள்ள விட முடியாது. இன்டர்சேஞ்ச் வந்தது 1978ல. அதனால எதிராளி ஒருத்தன் ஆட்டத்தைத் தூக்கிட்டுப் போறான்னா ஆளை மாத்த முடியாது, இடத்தைத்தான் மாத்தணும். யார் யாரைப் பிடிக்கணும், ரக்ல (பந்துக்குத் தாவுற இடம்) இருந்து யார் முன்னாடி போகணும்னு உள்ள நின்னு கத்துறது கேப்டன். கோச் ஃபோன்ஸ் கைன் எல்லைக்கோட்டுக்கு வெளிய. அன்னைக்கு உள்ள நின்னு கத்தினது வீடமன்.

டீமன்_சிவப்புநீலம்:
வந்துட்டாங்கப்பா 1958 கோஷ்டி. வீடமன் உள்ள நின்னு என்ன பண்ணினார்னு நான் சொல்லவா? அவரும் பாரி ஹாரிசனும் சேர்ந்து எங்க மெல்போர்ன் ஆளுங்களை இடிச்சு, உரசி, வம்புக்கு இழுத்தாங்க. எங்க ஆட்டக்காரர் ரான் பராசியைப் பந்தைப் பார்க்கவே விடல. முதல் குவார்ட்டர் முடிவுல நாங்கதான் முன்னாடி. அப்புறம் எங்க ஆளுங்க பந்தை விட்டுட்டு ஆளைப் பார்க்க ஆரம்பிச்சாங்க, ஆட்டம் போச்சு. இதுக்குப் பேரு கேப்டன்சியா?

அந்த வருஷம் க்வீன்ஸ் பர்த்டே ஆட்டத்துல 99,256 பேர் முன்னாடி உங்களை அடிச்சோம். செகண்ட் செமி-ஃபைனல்ல 45 பாயிண்ட்ல அடிச்சோம். ஒரே ஒரு சனிக்கிழமை நீங்க ஜெயிச்சதை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை காலம் ஓட்டுவீங்க?

கருப்புவெள்ளை:
அந்த ஒரே ஒரு சனிக்கிழமைதான் கொடி குடுப்பாங்க சகோதரா. 1955, 56, 57 மூணும் எடுத்துட்டு நாலாவதுக்கு வந்தீங்க. 1927-30ல நாங்க வெச்ச தொடர்ச்சியா நாலுங்கிற சாதனையை உங்களால தொட முடியல. இதுவரைக்கும் யாராலயும் தொட முடியல. 59, 60 ரெண்டும் நீங்களே எடுத்தீங்க. நடுவுல 58 மட்டும் இல்லேன்னா வரிசையா ஆறு. அந்தக் கடுப்பு உங்களுக்கு இருக்கத்தான் செய்யும், புரியுது. ஆனா அதுக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்ல. டக் ஆடல. வீடமன் ஆடினார்.

டீமன்_சிவப்புநீலம்:
சரி, வீடமன் அவ்வளவு பெரிய கேப்டன். 1960ல அவர்தான் முறைப்படி கேப்டன். அந்த கிராண்ட் ஃபைனல் ஸ்கோர் சொல்லுங்க பார்ப்போம். நானே சொல்றேன். மெல்போர்ன் 8.14 (62), காலிங்வுட் 2.2 (14). நாலு குவார்ட்டர்ல ரெண்டு கோல். இதுவும் அதே மனுஷன்தான்.

கருப்புவெள்ளை:
கேள்வி 1958. பதில் 1960 பத்தி. 1956ல 73 பாயிண்ட்ல தோத்ததையும் சேர்த்துக்கோங்க, நான் மறைக்கல. 1958ல ஜெயிச்சபோது கேப்டன் யார்?

புதுவாசகர்:
கேப்டன் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்குமே. சீசனுக்கு நியமிக்கப்பட்டவரா, ஆட்டத்தில் பொறுப்பேற்றவரா?

பட்டியல்காரன்:
நண்பர் கருப்புவெள்ளைக்கு ஒரு கேள்வி. ஜாக் மெக்ஹேல் எத்தனை பிரீமியர்ஷிப் வென்ற கோச்?

கருப்புவெள்ளை:
எட்டு. 1917, 1919, 1927 முதல் 30 வரைக்கும் நாலு, 1935, 1936. 1912ல இருந்து 1949 வரைக்கும் 714 ஆட்டத்துக்குக் கோச். எதுக்குக் கேக்கறீங்க?

பட்டியல்காரன்:
1930 கிராண்ட் ஃபைனல் அன்று மெக்ஹேல் எங்கே இருந்தார்? உடல்நலமில்லாமல் வீட்டில் இருந்தார். ஜீலாங் அணியிடம் இடைவேளையில் பின்தங்கியிருந்த காலிங்வுட் ஆட்டக்காரர்களிடம் அறையில் பேசியவர் பொருளாளர் பாப் ரஷ். மைதானத்தில் கால் வைக்காத மெக்ஹேலுக்கு எட்டாவது பிரீமியர்ஷிப்பை எழுதுகிறீர்கள், கோப்பையை வெல்லும் கோச்சுக்கு அவர் பெயரிலேயே பதக்கம் தருகிறார்கள். அதே கணக்கில் மைதானத்தில் கால் வைக்காத டக்குக்கு 1958ஐ எழுதினால் மட்டும் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? மெக்ஹேலுக்கு ஒரு நியாயம், டக்குக்கு ஒரு நியாயமா?

டீமன்_சிவப்புநீலம்:
அடி தூள். இதுக்கு என்ன சொல்றார்னு பார்க்கணும்.

கருப்புவெள்ளை:
சொல்றேன். கோச் வேலையும் கேப்டன் வேலையும் ஒண்ணு இல்ல. யாரை எடுக்கணும், எந்த இடத்துல நிறுத்தணும், எப்படி ஆடணும்கிறதெல்லாம் வியாழக்கிழமை ராத்திரி டீம் போடும்போதே முடிஞ்சிருக்கும். மெக்ஹேல் அந்த டீமை வருஷக்கணக்கா கட்டி வெச்சிருந்தார். ஆல்பர்ட் காலியர், ஹாரி காலியர், சிட் கவென்ட்ரி, கோல் பக்கம் முன்வரிசையில கோர்டன் கவென்ட்ரி. அந்தக் கோர்டன் மொத்தம் 1,299 கோல். 1999ல டோனி லாக்கெட் தாண்டுற வரைக்கும் அதுதான் சாதனை. இப்படி ஒரு டீமை பாப் ரஷ் அரை மணி நேரத்துல உருவாக்கல. அவர் பேசினார், நல்லாவே பேசியிருப்பார். ஆனா டீம் மெக்ஹேலோடது.

கேப்டன் அப்படி இல்ல. கேப்டன் வேலை மைதானத்துக்குள்ள மட்டும்தான் இருக்கு. வீட்ல இருந்து டாஸ் போட முடியாது.

இன்னொண்ணு. எதிரணியில பதினெட்டு பேருக்கு மேல உள்ள நிக்கிறாங்கன்னு சந்தேகம் வந்தா, எண்ணச் சொல்லி அம்பயர்கிட்ட கேக்கற உரிமை கேப்டனுக்குத்தான். எண்ணிப் பார்த்து ஆள் அதிகம்னு தெரிஞ்சா, பழைய விதிப்படி அந்த நிமிஷம் வரைக்கும் அந்த டீம் எடுத்த மொத்த ஸ்கோரும் அழிஞ்சிடும். அவ்வளவு பெரிய அதிகாரம். இதை வெளிய கோட்டு போட்டு உக்காந்திருக்கிற ஆள் கேக்க முடியுமா? உள்ள இருக்கிற ஆக்டிங் கேப்டன்தான் கேக்க முடியும். விதிக்கே யார் கேப்டன்னு தெரியுது, உங்க பட்டியலுக்குத்தான் தெரியல.

பட்டியல்காரன்:
"ஆக்டிங்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

கருப்புவெள்ளை:
ஆக்டிங் கேப்டனும் கேப்டன்தான். ஆக்டிங் கேப்டன் ஜெயிச்சா அந்தக் கொடி ஆக்டிங் கொடியா? அதையும் உங்க பட்டியல்ல எழுதுங்க.

மேற்குக்கரை:
நானும் ஒரு சொல்லுச் சொல்லட்டோ. நீங்கள் எல்லாரும் 58இலேயே நிண்டு கதைக்கிறியள். எங்கட வெஸ்டர்ன் புல்டோக்ஸ் 2016ஐ ஒருக்கால் பாருங்கோ. கப்டன் பொப் மேர்ஃபிக்கு மூண்டாம் சுற்றிலேயே முழங்கால் போயிட்டுது. அதுக்குப் பிறகு அந்த வருசம் முழுக்க அவர் ஆடேல்லை. கிராண்ட் ஃபைனலிலே கப்டனா நிண்டவர் ஈஸ்டன் வூட். சிட்னியை 89க்கு 67 எண்டு வெண்டவை. 1954இலே சார்லி சட்டன் கப்டனாயும் கோச்சாயும் நிண்டு எடுத்த கப்புக்குப் பிறகு அதுதான் முதல்தரம்.

மேடையிலே என்ன நடந்தது? கோச் லூக் பெவரிஜ், தனக்குக் கிடைச்ச ஜொக் மெக்ஹேல் மெடலைக் கழட்டி மேர்ஃபியின்ர கழுத்திலே போட்டவர். மேர்ஃபியும் வூட்டும் சேர்ந்துதான் கப்பைத் தூக்கினவை. அப்ப ஆடாத கப்டனுக்கும் அந்த வெற்றியிலே பங்கு இருக்கு எண்டுதானே அர்த்தம்? டக் எண்ட மனுசனுக்கு அந்த மரியாதையைக் குடுக்கிறதிலே உங்களுக்கு என்ன நட்டம்?

கருப்புவெள்ளை:
நீங்க சொன்ன உதாரணம் என் பக்கம்தான் நிக்குது. பெவரிஜ் குடுத்தது கோச்சோட மெடல், கேப்டன் பட்டம் இல்ல. மேர்ஃபி அதைத் திருப்பிக் குடுத்துட்டார், தன்கிட்ட வெச்சுக்கல. அவருக்கே தெரிஞ்சிருக்கு. 2016 பிரீமியர்ஷிப் கேப்டன் யாருன்னு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஈஸ்டன் வூட்னுதான் இருக்கும். மேர்ஃபி பேர் இருக்காது. பட்டியல்காரர் கணக்குப்படி பார்த்தா வூட் பேரை அழிச்சுட்டு மேர்ஃபி பேரை எழுதணும். எழுதுவீங்களா?

மேற்குக்கரை:
வூட்டின்ர பெயரை ஆரும் அழிக்கச் சொல்லேல்லை. நான் கேட்டது மரியாதையை. நீங்கள் உடனை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாறியள்.

பட்டியல்காரன்:
இன்னொரு செய்தி. மைதானத்தில் கேப்டனும் கோச்சும் கோப்பை வாங்கும் வழக்கம் தொடங்கியதே 1959இல்தான். 1958இல் கோப்பையே கிடையாது. கொடி மட்டும்தான். அந்தக் கொடி மறுவருடம் ஏறும். 1959இல் காலிங்வுட்டின் கேப்டன் யார்? ஃபிராங்க் டக். கோப்பையைக் கையில் வாங்கினார் என்று வீடமனைக் காட்டவும் வழியில்லை, கொடி ஏறிய ஆண்டில் கேப்டனாக இருந்தவரும் டக். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கருப்புவெள்ளை:
கோப்பையைத் தூக்கினதாலதான் கேப்டன்னா, கவென்ட்ரி தூக்கின கோப்பை எங்க? காலியர் தூக்கின கோப்பை எங்க? லூ ரிச்சர்ட்ஸ் 1953ல ஜீலாங்கை 12 பாயிண்ட்ல ஜெயிச்சார், அவரும் தூக்கல. அதுக்காக அவங்க பேரையெல்லாம் எடுத்துட்டீங்களா? இல்லையே. அவங்க அன்னைக்கு ஆடினாங்க, அதனால அவங்க பேர் இருக்கு. வீடமனும் ஆடினார். டக் ஆடல. இத்தனை தடவை சொல்லியும் இந்த ஒரு வரிக்கு நீங்க பதில் சொல்லல.

கோல்போஸ்ட்:
என்னப்பா இது, டக் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர், ஏழு பிரீமியர்ஷிப் எடுத்தவர், 426 ஆட்டம் ஆடினவர். அவருக்கு ஒரு 1958 போனா என்ன வந்தா என்ன?

நீலச்சட்டை:
அது மைக்கேல் டக்குண்ணே. ஹாதார்ன். 1986ல இருந்து 91 வரைக்கும் கேப்டன். இவங்க பேசுறது ஃபிராங்க் டக், காலிங்வுட். ரெண்டு பேருக்கும் நடுவுல முப்பது வருசம் இருக்கு.

கோல்போஸ்ட்:
எந்த டக்கா இருந்தா என்ன, ஏழு எடுத்த கேப்டன் காலிங்வுட்ல ஒருத்தர்கூட கிடையாது. அதைப் பத்திப் பேசுங்க.

கருப்புவெள்ளை:
மைக்கேல் டக் ஏழு எடுத்தது ஆட்டக்காரரா. கேப்டனா எடுத்தது நாலு: 86, 88, 89, 91. சிட் கவென்ட்ரி கேப்டனாவே நாலு, அதுவும் நடுவுல இடைவெளி இல்லாம. அவர் எப்படிக் கேப்டன் ஆனார்னு தெரியுமா? 1926 வரைக்கும் கேப்டன் சார்லி டைசன். அந்த வருஷ கிராண்ட் ஃபைனல்ல மெல்போர்ன்கிட்ட தோத்ததும் அவரைப் பத்தி என்னென்னவோ வதந்தி கிளம்பிச்சு, கிளப் அவரை அனுப்பிடுச்சு, அவர் நார்த் மெல்போர்ன் போயிட்டார். அடுத்த வருஷமே சிட் கேப்டன், அதே வருஷம் பிரவுன்லோ மெடல் (லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் பரிசு), அதே வருஷம் கொடி. கேப்டனை மாத்துறதுன்னா அப்படி மாத்தணும்.

நீலச்சட்டை:
கேப்டனை மாத்துற கதைய நீங்க பேசுறீகளா? 1970ஐ மறந்துட்டீகளோ?

தெரியாதவுகளுக்குச் சொல்றேன். டெஸ் டடன்ஹாம் 1966ல இருந்து காலிங்வுட் கேப்டன். மேற்கு ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த பீட்டர் ஈக்கின்ஸுக்கு அள்ளிக் குடுத்துட்டு, வருசக்கணக்கா ஒழைச்ச ஆளுகளுக்குக் கிள்ளிக் குடுத்தாக. டடன்ஹாமும் லென் தாம்சனும் ஆட மாட்டோம்னு உக்காந்தாக. அப்புறம் திரும்பி வந்தாக. வந்ததும் டடன்ஹாம்கிட்ட இருந்து கேப்டன் பதவியையும் தாம்சன்கிட்ட இருந்து வைஸ் கேப்டன் பதவியையும் பிடுங்கிட்டு, டெரி வாட்டர்ஸ கேப்டனாக்குனாக. அந்த வருசம் எங்க கார்ல்டனோட கிராண்ட் ஃபைனல், 121,696 பேர், இன்னைக்கு வரைக்கும் அதத் தாண்டுன கூட்டம் இல்ல. இடைவேளையில நீங்க 44 பாயிண்ட் முன்னால. அப்புறம்? எங்க டெட் ஹாப்கின்ஸ் பெஞ்சுல இருந்து எறங்குனான், நாலு கோல். மூணாவது குவார்ட்டர்ல மட்டும் எங்களுக்கு எட்டு கோல். கார்ல்டன் 17.9 (111), காலிங்வுட் 14.17 (101). அந்த ஒரு குவார்ட்டர்ல உள்ள நின்னு கத்துறதுக்கு உங்களுக்கு ஒரு கேப்டன் இல்லாமப் போச்சே!

கருப்புவெள்ளை:
டெரி வாட்டர்ஸைக் குறை சொல்லாதீங்க. டடன்ஹாமும் அன்னைக்கு உள்ளதான் ஆடினார். கேப்டனா இருந்தாத்தான் கத்தணும்னு இல்ல. தோத்தது ஏன்னா, இடைவேளை வரைக்கும் நாங்க 10.13. பதிமூணு பிஹைண்ட். அதுல அஞ்சு கோலா மாறியிருந்தா ஆட்டம் அங்கயே முடிஞ்சது. அப்புறம் அப்போ கார்ல்டனுக்குக் கோச்சா இருந்த பராசி இடைவேளையில ஹேண்ட்பால் குடுங்க, எங்க இருந்தாலும் குடுங்கன்னு சொல்லி அனுப்பினார். உதைச்சு உதைச்சு ஆடின டீம் திடீர்னு கையால அடிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சதும் எங்க ஆளுங்க யாரைப் பிடிக்கிறதுன்னு தெரியாம நின்னுட்டாங்க.

பட்டியல்காரன்:
"யாரைப் பிடிப்பது என்று மைதானத்தில் நின்று சொல்வது கேப்டனின் வேலை" என்று மேலே எழுதியவர் நீங்கள். 1958இல் அது வீடமனுக்குப் பெருமை. 1970இல் வாட்டர்ஸுக்குப் பொறுப்பில்லை. எப்படி?

நீலச்சட்டை:
போடு! இப்ப என்ன சொல்லப் போறாரு?

கருப்புவெள்ளை:
1970க்குத் தனியா பேசலாம். 1958ல டக் ஆடல.

டீமன்_சிவப்புநீலம்:
அந்த டடன்ஹாம் 72ல எசெண்டனுக்குக் கேப்டன்-கோச்சா போய், 76ல திரும்ப உங்ககிட்டயே கேப்டனா வந்தார். அப்போ கோச் யாரு? நீங்க தலையில தூக்கி வெச்சு ஆடுற இதே வீடமன். அந்த வருஷம் என்ன ஆச்சு? கிளப் ஆரம்பிச்சதுல இருந்து முதல் தடவையா கடைசி இடம். வுடன் ஸ்பூன். அதையும் பட்டியல்ல சேர்த்துக்கோங்க, "வீடமன் காலத்தில்"னு. போதாததுக்கு, அவரோட பேரன் சாம் வீடமன் முதல்ல போட்டது எங்க சிவப்பு-நீலம் ஜெர்சிதான்.

கருப்புவெள்ளை:
பேரன் எந்த ஜெர்சி போட்டா தாத்தா கொடி மாறிடுமா? வீடமன் 57, 61, 62 மூணு வருஷம் கோப்லேண்ட் டிராஃபி எடுத்தவர், காலிங்வுட்டோட சிறந்த ஆட்டக்காரர் பரிசு. 27 வயசுல ஆட்டத்தை விட்டுட்டார். இன்னும் அஞ்சாறு வருஷம் ஆடியிருந்தா 1964 கிராண்ட் ஃபைனல் எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

டீமன்_சிவப்புநீலம்:
1964ஆ! நீங்களே வாயைக் குடுக்கறீங்க. கடைசி குவார்ட்டர்ல உங்க கேப்டன் ரே கேப்லிச் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கிட்டு, நாலு தடவை பந்தைத் தரையில தட்டித் தட்டி ஓடி வந்து கோல் போட்டார். அந்த நாலாவது பவுன்ஸ்ல பந்து கையை விட்டு வழுக்கப் பார்த்துச்சு, எப்படியோ பிடிச்சுட்டார். உங்க ஆளுங்க ஜெயிச்சாச்சுன்னு குதிச்சாங்க. அப்புறம் எங்க நீல் கிராம்ப்டன், பேக் பாக்கெட்ல, அதாவது பின்னாடி தடுத்து ஆடுற ஆள், அவர் ஏன் அங்க வந்தார்னே தெரியல, வந்து ஒரு கோல். 64க்கு 60. நாலு பாயிண்ட்.

கருப்புவெள்ளை:
கேப்லிச் அன்னைக்குப் பண்ணினது ஒரு கேப்டன் பண்ண வேண்டியது. தோத்தாலும் உள்ள இருந்து தோத்தார். நான் சொல்றதும் அதுதான். உள்ள இருக்கிறவன்தான் கேப்டன்.

மேற்குக்கரை:
அப்ப நேதன் பக்லி? 1999 தொடக்கம் 2007 வரைக்கும் கப்டன். 2002இலே ஒன்பது புள்ளியிலே தோத்த அணியிலே இருந்துகொண்டே நோர்ம் ஸ்மித் மெடல், அதுதான் கிராண்ட் ஃபைனலின்ர சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்கிற மெடல், எடுத்தவர். 2003இலே பிரவுன்லோ, ஆனால் திரும்பவும் பிரிஸ்பேனிட்டைத் தோல்வி. ஸ்கொட் பெண்டில்பரி 2014 தொடக்கம் 2022 வரைக்கும் கப்டன், 2018இலே அஞ்சு புள்ளியிலே போச்சு. பதவியை விட்டார், அடுத்த வருசமே 2023இலே நாலு புள்ளியிலே கப். ஆனால் எழுதுறது டார்சி மூரின்ர பெயரை. ஒன்பது வருசம் கட்டி எழுப்பினவருக்கு ஒண்டுமில்லை, ஒரு வருசம் நிண்டவருக்கு எல்லாம். இதிலே என்ன நியாயம்?

கருப்புவெள்ளை:
பெண்டில்பரியும் அன்னைக்கு ஆடினார், அவருக்கு மெடல் இருக்கு. ஏற்கெனவே 2010ல டிரா ஆனதால மறுபடி ஆடின கிராண்ட் ஃபைனல்ல நோர்ம் ஸ்மித் மெடல் வேற. அவருக்கு யாரும் அநியாயம் பண்ணல. 2023ல டாஸ் போட்டது மூர். 2010ல மேக்ஸ்வெல், ரூக்கி லிஸ்ட்ல (பயிற்சிப் பட்டியல்) இருந்து வந்தவர். பக்லி அளவுக்கு ஆட்டம் கிடையாது, ஆனா டிஃபென்ஸை நிறுத்தி வெச்ச விதத்துக்கு அவருக்குச் சமமா எங்க கேப்டன் வரிசையில ரெண்டு மூணு பேர்தான் தேறுவாங்க.

நீலச்சட்டை:
மூர்னதும் ஞாபகம் வருது. அவுக அப்பா பீட்டர் மூர் 81, 82 கேப்டன். 81 கிராண்ட் ஃபைனல்ல எங்ககிட்ட 20 பாயிண்ட்ல தோத்துட்டு, குடுத்த ரன்னர்-அப் மெடலத் தூக்கி எறிஞ்சாரு. அப்பா எறிஞ்சத மகன் 42 வருசம் கழிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டான்னு வெச்சுக்கிட்டாலும், எறிய வெச்சது கார்ல்டன்தான். உங்க கிளப்புல கேப்டன் பதவியே குடும்பச் சொத்து மாதிரில்ல இருக்கு. வெய்ன் ரிச்சர்ட்சன், தம்பி மேக்ஸ் ரிச்சர்ட்சன். ரே ஷா, தம்பி டோனி ஷா. லூ ரிச்சர்ட்ஸ், அவுக மாமா ஆல்பி பன்னம்.

கருப்புவெள்ளை:
அது சொத்து இல்ல, பெருமை. டோனி ஷா 1990ல எசெண்டனை 48 பாயிண்ட்ல அடிச்சு, கேப்டனா கோப்பையும் எடுத்து, நோர்ம் ஸ்மித் மெடலும் எடுத்தார். 32 வருஷம் காத்திருந்த கோப்பை. எதுல இருந்து 32 வருஷம்? 1958ல இருந்து. அந்த ரெண்டு கொடிக்கும் நடுவுல வேற கொடியே இல்ல. அதனாலதான் 1958ல யாருங்கிறது எங்களுக்கு முக்கியம். ஷாவுக்கு முன்னாடி இருக்கிற பேர் வீடமன்.

பட்டியல்காரன்:
எல்லோரும் பேசியாகிவிட்டது. என் பட்டியலில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "1958: ஃபிராங்க் டக் (கிராண்ட் ஃபைனலில் பொறுப்பு: மரே வீடமன்)". சிட்னி 2005க்கும் இப்படித்தான் எழுத வேண்டும். ஸ்டூவர்ட் மேக்ஸ்ஃபீல்ட் காயத்தால் நடுவில் விலகினார், பிறகு சுழற்சி முறையில் பலர், கோப்பையை வாங்கியவர் பேரி ஹால்.

கருப்புவெள்ளை:
அடைப்புக்குறிக்குள்ள போட வேண்டிய பேர் வீடமன் இல்ல. மாத்திப் போடுங்க. வீடமன் முதல்ல, டக் அடைப்புக்குறிக்குள்ள. சிட்னிக்கும் ஹால் முதல்ல. மேக்ஸ்ஃபீல்ட் விலகிட்டார், அவர் பேரை எதுக்கு முன்னாடி போடணும்?

பட்டியல்காரன்:
மேக்ஸ்ஃபீல்ட் பதவி விலகினார். டக் விலகவில்லை. 1958 செப்டம்பர் 20 அன்றும் கிளப்பின் கேப்டன் அவரே. வேறுபாடு தெரிகிறதா? அடைப்புக்குறி அப்படியே இருக்கும்.

கருப்புவெள்ளை:
பதவி வெளிய உக்காந்திருந்துச்சு. டாஸ் உள்ள நடந்துச்சு. நாளைக்கு நானே ஒரு பட்டியல் போடறேன், அதுல அடைப்புக்குறியே இருக்காது.

டீமன்_சிவப்புநீலம்:
போடுங்க. 1960க்கு நேரா 2.2 (14)னு எழுத மறந்துடாதீங்க.